முப்பத்தேழாம் பக்கம்

அக்டோபர் 14, திங்கள்

பிழையைப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை?  காரணம் என்று எதை எழுதினாலும் பொய்.

கிள்ளானில் விடியும்போதே மழை. பள்ளிக்குக் குடையோடு. மூன்றாம் படிவ மாணவர்களின் தேர்வுத் தாள்கள் 38, ஒன்றும் திருத்தவில்லை.

நேற்றைய விஷயம். மகள் நளினி வந்திருந்தாள், பிரிக்பீல்ட்ஸில் அவள் தங்கியிருக்கும் வாடகை அறையிலிருந்து கொமூட்டர் ரயில் பிடித்து. துணிப்பை நிறைய அலுவலகத் தாள்கள். கட்டப்போகும் அடுக்குமாடிக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்று வரைபடத்திலிருந்து அளந்து எழுதுவது என் மகளின் வேலை. கதவு, ஓடு, குழாய், பூச்சு. எழுதியவரே தனியாகச் சரிபார்க்கக் கூடாதாம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் வரைபடத்தைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் குறி போட வேண்டும். உடன் வாசிக்கும் பெண் பிரசவ விடுப்பில். ஆகவே மூன்று ஞாயிறுகளாக நான்.

"கிளாஸ் எடுக்கற மாதிரி வாசிக்காதீங்க லா. வேகமா."

"குளியலறைத் தரை. வெள்ளை ஓடு."

"இப்பதான் ஓடு. ஆர்க்கிடெக்ட் பளிங்குன்னு எழுதியிருந்தாரு. பாஸ் பாத்துட்டு ஒரே சிரிப்பு. பட்ஜெட்டுக்குள்ள வர வேணாமா? நான்தான் வெட்டினேன்."

என்ன பெருமை அந்தக் குரலில். வயது 24.

பக்கம் 37. கட்டடம் பதினான்கு மாடி. கீழே இரண்டும் கடையும் கார் நிறுத்தமும். வீடுகள் இருப்பது பன்னிரண்டில். ஒரு மாடியின் குளியலறைகளை அளந்து பத்தால் பெருக்கியிருந்தாள். "பத்து" என்று வாசித்தேன். குறி போட்டாள். அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கணக்கு டீச்சர் நான். இருபத்தாறு வருடமாக.

ஐம்பதாம் பக்கத்தோடு நிறுத்தினோம். மீதி அடுத்த ஞாயிறு.


அக்டோபர் 15, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. வாங்க: தேங்காய்ப்பால், பல்பு, நளினிக்கு இருமல் மருந்து (தானாக வாங்கிக்கொள்ளமாட்டாள்).

கூச்சிங் விஷயத்தை இதுவரை இந்தக் குறிப்பில் எழுதவே இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நளினியின் நிறுவனம் அங்கே, கடலுக்கு அந்தப் பக்கம், கிளை திறக்கிறது. ஒருவரை அனுப்புவார்கள், இரண்டு வருடத்துக்கு. நளினியா, அவளோடு வேலைக்குச் சேர்ந்த சீனப் பையனா என்று முடிவாகவில்லை. தனியாக இருந்து செய்யும் வேலை, பிழை விடாத ஆள்தான் வேண்டும் என்றாராம் பாஸ். இந்த ஐம்பது பக்கத்தையும் வியாழன் மதியம் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

ஆசிரியர் அறையில் சரோஜா டீச்சர்: "பொம்பளப் புள்ளைய கடல் தாண்டி அனுப்பப் போறீங்களா? மாப்பிள்ளையப் பாருங்க லா, கட்டடத்த யாராச்சும் கட்டிக்குவாங்க."

"அவளுக்குத் திறமை இருக்கு. போகட்டுமே. ஆம்பளப் புள்ளைன்னா கேட்டிருப்பீங்களா?" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பேசும்போதே முப்பத்தேழாம் பக்கம் உள்ளே இருந்தது.


அக்டோபர் 16, புதன்

மறுபடி மழை. கூடத்து மேசையில் அழித்த ரப்பர்த் துகள்கள், ஞாயிறன்று அவள் விட்டுப் போனவை. துடைக்கவில்லை. அசட்டுத்தனம்.

நளினியின் அப்பா இறந்து ஆறு வருடம். இந்த வீட்டில் உரக்கப் பேச்சு கேட்பது ஞாயிறு மட்டும். அதுவும் எண்கள். "ஆறு, நாற்பத்தைந்து." "ம்." "நான்கு, இருபது." "ம்." அந்த "ம்" போதும் போலிருக்கிறது எனக்கு. வாரம் முழுக்க அதற்காகக் காது காத்துக் கிடக்கிறது.

நான் பட்டம் வாங்கிய வருடம் பினாங்கில் வேலை வந்தது. அம்மா காய்ச்சல் என்று படுத்தாள். நான் போகவில்லை. அந்தக் காய்ச்சல் நிஜமா என்று கடைசிவரை கேட்கவில்லை. நிஜமில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்து வந்திருக்கிறேன், கொஞ்சம் இளக்காரமாக.

நாளை முதல் பாடத்துக்கு முன் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். மதியத்துக்குள் திருத்த நேரம் இருக்கும். "ஐயோ" என்பாள். ஓடுவாள். நன்றி சொல்வாள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றாது, அவசரத்தில்.


அக்டோபர் 17, வியாழன்

நடந்தது இது.

எட்டே காலுக்கு ஆசிரியர் அறைப் போனில் பேசினேன். பக்கம் 37, பத்து, பன்னிரண்டு, எல்லாம் சொன்னேன். தாள் புரளும் சத்தம். பிறகு சிரிப்பு.

"அது தப்பு இல்லம்மா. மேல ரெண்டு மாடியும் பெரிய வீடு, பாத்ரூம் வேற அளவு. தனியா அளந்து வெச்சிருக்கேன், அறுபத்தொண்ணாம் பக்கத்துல. நாம இன்னும் அங்க வரல."

"அப்படியா."

"அதோட அந்த அம்பது பக்கமும் நேத்தே பாஸ்கிட்ட போயிருச்சு. முன்னாடியே கேட்டுட்டாரு. ஆமா, உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"வாசிக்கும்போது."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா."

அவள் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"தப்புன்னுதான் நெனச்சீங்க. நெனச்சும் சொல்லல."

"ஆமா."

"கூச்சிங்காகவா?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

"போகாதன்னு நேரா சொல்லியிருக்கலாம்மா. நான் போயிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்."

திட்டவில்லை. அழவும் இல்லை. நேற்று மாலையே பாஸ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், அவள்தான் என்று. நவம்பர் 12, செவ்வாய், தீபாவளி கழித்து, காலை விமானம். அதைச் சொல்லும்போது குரல் பழையபடி ஆகிவிட்டது. சுபாங் விமான நிலையத்துக்கு வர வேண்டாம், உங்களுக்குப் பள்ளி இருக்கும் என்றாள். இந்த ஞாயிறு வருவாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மதியம் விடுப்புப் படிவம் எழுதிக் கொடுத்தேன். 12ஆம் தேதிக்கு. காரணம் என்ற இடத்தில்: மகள் பயணம்.