சரிபாதியாக வெட்டிய மாத்திரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவர் நினைப்பும். நலம் என்று வழக்கத்துக்கு எழுதி வைக்கிறேன் என்று எண்ணாதே, ஆய்வுக்கூடத்தில் அச்சடித்துத் தந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தடவை அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். போன மூன்று வாரமாகப் போனில் நான் சொன்ன "நல்லா இருக்கோம்" எல்லாம் பொய். முதல் பொய்யைச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், பின்னால் என்ன சத்தம் என்று நீ கேட்டாய், பட்டறைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் காகிதம். ரேடியோ அத்தைக்கு எல்லாம் தெரியும். அவள் ஊதிப் பெரிதாக்கி உன் காதில் போடுவதற்குள் இது வந்து சேர வேண்டும் என்று, பத்து நாள் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என் தங்கைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்கே தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன் நீ அனுப்பிய மெக்னீசியம் மாத்திரைப் புட்டியிலிருந்து தொடங்குகிறேன். நாளெல்லாம் பஸ் ஓட்டி உனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்ததும், டிப்போவில் கூட வேலை செய்கிறவள் இதைச் சொன்னதும், அதைச் சாப்பிட்டபின் உனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்ததும் எல்லாம் எழுதியிருந்தாய். அம்மாவுக்கும் கால் இழுக்கிறதே, தினம் ஒன்று போட்டுக்கொள்ளட்டும் என்று நீ எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் புட்டியில் இருக்கிறது. ஆனால் உன் அம்மாவுக்கு எதையும் தனியாக வாயில் போடத் தெரியாது. ஒரு பிஸ்கட் இருந்தாலும் உடைத்துத்தான் தின்பாள். கல்யாணமான புதிதில் அவளுக்குத் தலைவலி வந்தபோது மாத்திரையை இரண்டாக உடைத்து ஒன்றை என் கையில் வைத்தாள், எனக்குத் தலை வலிக்கவில்லையே என்றால், நாளைக்கு வலிக்கலாம் என்றாள். நீ குழந்தையாக இருந்தபோது உனக்குக் கசப்பு மருந்து ஊற்றினால் தானும் ஒரு சொட்டு நக்கிக்கொண்டு முகத்தைச் சுளிப்பாளே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்டவளிடம் மகள் அனுப்பிய புட்டி கிடைத்தால் என்ன செய்வாள்? ஆளுக்குப் பாதி என்றாள். நானும் சரி என்றேன்.

இங்கேதான் என் மேதாவித்தனத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள் பிளேடால் வெட்டியபோது ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் பொடியாகவும் போய்விட்டது. நாற்பது வருஷம் தராசு பழுது பார்த்தவனுக்கு மனசு கேட்குமா? இரண்டு பாதியையும் பட்டறைக்கு எடுத்துப்போய், பழுதுக்கு வந்திருந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு பாதி கூடுதலாக இருந்தது. பிளேடால் சுரண்டிச் சரிசெய்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஏழு மாத்திரையை வெட்டி, ஒவ்வொரு ஜோடியாக எடை பார்த்து, டப்பியில் போட்டு வைத்துவிடுவேன். அம்மா அதை ரேடியோ அத்தையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். இந்த வீட்டில் ஒரு அநியாயமும் நடக்காது என்று நானும் மார் தட்டிக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், கோபப்படாதே கண்ணு. என் சிறுநீரகம் இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கேட்காமல் எந்த மருந்தும் சாப்பிடக்கூடாது என்று சிறுநீரக டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும், உனக்குத் தெரியவே கூடாது என்று காதும் காதும் வைத்தாற்போல் மறைத்துவிட்டேன். உன் மாத்திரையைச் சாப்பிடும்போது டாக்டர் சொன்னது நினைவுக்கு வரவில்லையா என்று நீ கேட்பாய். வந்தது. ஆனால் இது சத்து மாத்திரைதானே, மருந்தில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மலச்சிக்கலுக்கு நான் தினம் குடிக்கும் வெள்ளை மருந்தும் எனக்கு மருந்தாகத் தோன்றவில்லை, அதிலும் இதே மெக்னீசியம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது. அம்மா பங்குக்கு அவள் ஆறு வருஷமாக நெஞ்செரிச்சல் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தாள், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வாள், எந்த டாக்டரையும் திரும்பப் பார்க்கவில்லை.

அன்று காலை அவள் தன் செடிக்கடையில் நாற்றுகளைத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே கண் இமை துடிக்கிறது, கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வயசாச்சு என்று நானும் சமாதானம் சொல்லியிருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் போன் செய்து ஓடி வரச் சொன்னார். ஓடினேன் என்று எழுத ஆசை, ஆனால் அந்த வாரமெல்லாம் எனக்குக் கால் இரும்பாகக் கனத்தது, எந்நேரமும் தூக்கக் கலக்கம், மெல்லத்தான் போய்ச் சேர்ந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கி இறுகி, பிரிக்கவே வரவில்லை, ஒரு நாற்று அந்த விரல்களுக்குள் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள்ள ஏதோ படபடன்னு அடிச்சிக்குதுங்க என்றாள். பக்கத்துக் கடைக்காரர்தான் ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்த நர்ஸ் யாரையும் கேட்காமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடியபோதுதான் அவளை இழந்துவிடுவேனோ என்ற எண்ணம் முதன்முதலாக எனக்கு வந்தது.

ரத்தத்தில் கால்சியம் குறைவு, பொட்டாசியம் குறைவு என்றார்கள். இரண்டையும் ஏற்றினார்கள். விரல் கொஞ்சம் விரியும், மறுபடியும் மடங்கும். மறுநாள் வேறொரு டாக்டரம்மா வந்தார், உன் வயதுதான் இருக்கும், தலையைக்கூடச் சரியாகச் சீவவில்லை. வீட்டில் அம்மா வாயில் போடுவது எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார். நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை, உன் புட்டி, பாதி மாத்திரை டப்பி, எல்லாவற்றையும் கட்டிலின் மேல் பரப்பினேன். அவர் முதலில் அந்த அட்டையைப் பார்த்தார், பிறகு உன் புட்டியைக் கையில் எடுத்து அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தார். அம்மாவுக்கு மெக்னீசியம் பார்த்தீங்களா என்று நர்ஸிடம் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அதை எழுதிக் கொடுத்துவிட்டு, சின்னச் சுத்தியலால் அம்மாவின் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. எனக்கு எதற்கு அந்த நேரத்தில் வேடிக்கை தோன்றியதோ, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் முழங்காலை நீட்டி, எங்க வீட்ல எல்லாமே ஆளுக்குப் பாதி, எனக்கும் ஒண்ணு தட்டுங்க டாக்டரம்மா என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். என் கால் அசையவில்லை. இடம் மாற்றித் தட்டினார், அடுத்த காலில் தட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. டப்பியைத் திறந்து காட்டி, "இந்த இன்னொரு பாதிய யாரு சாப்பிட்டது?" என்றார்.

இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாகப் போய், இரண்டு தாளும் ஒன்றாக வந்தன. அவளுக்கு மெக்னீசியம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. எனக்கு இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. கருவி பழுதாக இருக்கும், மறுபடி பாருங்கள் என்று சொல்லிவிட்டேன், எடை தப்பினால் நான் என் வாழ்நாளெல்லாம் தராசைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர்கள் பொறுமையாக மறுபடி பார்த்தார்கள். அதே எண்கள்தான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, எடை பார்த்துச் சரிபாதியாக வெட்டிய ஒரே மாத்திரை. அம்மாவின் நெஞ்செரிச்சல் மாத்திரை இந்தச் சத்தைக் குடலில் ஏறவிடாமல் வருஷக்கணக்காகத் தடுத்துவந்திருக்கிறது, அந்தப் பாதி அவளுக்குப் போதவே போதாது. என் சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ள வழியில்லாமல் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது, வெள்ளை மருந்தோடு சேர்ந்து அந்தப் பாதி எனக்கு எமனாக வந்திருக்கிறது. அவள் கால் துள்ளியதும் என் கால் அசையாததும், அவள் இதயம் தாறுமாறாக ஓடியதும் என் இதயம் தூங்கி வழிந்ததும் ஒரே பொருளால்தான். அன்று சாயங்காலமே என்னையும் படுக்கவைத்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு அதை ஏற்றினார்கள், இந்தப் பக்கம் எனக்கு அதை இறக்கினார்கள். நடுவில் ரேடியோ அத்தை இரண்டு அறைக்கும் நடந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அம்மாவைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்னீசியம் ஏறியபிறகுதான் கால்சியமும் பொட்டாசியமும் உடம்பில் தங்கின என்று டாக்டரம்மா சொன்னார், அது வராமல் இது நிற்காதாம். அம்மா தன் பத்து விரலையும் விரித்து என்னிடம் காட்டினாள். நீ பிறந்த அன்று உன் விரலை விரித்ததை நான் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் அப்படி ஒரு விரலை நான் பார்க்கவில்லை, கண்ணு. மேலே தொங்கிய பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எப்சம் உப்புதான், அதாவது மெக்னீசியம் உப்பு, ஊசிக்கு ஏற்றபடி சுத்தம் செய்தது என்றார். அம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் ரோஜாத் தொட்டிக்குக் கரைத்து ஊற்றுவதும் அதுதானே, கீழ் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளானால் ஒரு கரண்டி கரைத்து விடுவாளே. இலையின் பச்சைக்கு நடுவில் இருப்பதும் இதே மெக்னீசியத்தின் ஒரு துளி என்று டாக்டரம்மா சொன்னார். அத்தனை செடிக்கும் பார்த்துப் பார்த்து ஊத்தினேன், எனக்குள்ள மஞ்சளானது தெரியலையே என்று அம்மா சொன்னாள். உடனே, அதைக் குடித்து வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் விரல் நீட்டி எச்சரித்தார். எங்களை அவர் நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்.

ஒரு மனித உடம்பு முழுவதிலும் இந்த மெக்னீசியம் இருபத்தைந்து கிராம் அளவுதான் இருக்குமாம், பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும், ரத்தத்தில் ஓடுவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்குப் போய் இருபது கிராம் எடைக்கல்லையும் ஐந்து கிராம் எடைக்கல்லையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவுதான். இந்தக் கையளவில் கொஞ்சம் குறைந்ததற்கு உன் அம்மா என்னைவிட்டுப் போகப் பார்த்தாள். நாற்பது வருஷமாக எத்தனை ஆயிரம் தராசு தொட்டிருக்கிறேன், எடை என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இதைப் படித்துவிட்டு உன் மாத்திரையால்தான் எல்லாம் என்று நீ உன்னையே அடித்துக்கொள்வாய், எனக்குத் தெரியும். பாதி கொடுத்தது நான்தான் என்று அம்மா அழுதாள், மறைத்தது நான் என்று நான் அழுதேன், உனக்கு அழுவதற்குப் பங்கு மிச்சமில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் புட்டிய நீங்க கொண்டுவரலைன்னா எனக்கு அது அவ்வளவு சீக்கிரம் தோணியிருக்காது." உன் அம்மா பிழைத்தது நீ அனுப்பிய புட்டியால்தான், இதை மனசில் எழுதிக்கொள். நான் பிழைத்தது அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், டிப்போக்காரி சொன்னாள் என்று நீயும் கணக்கில்லாமல் சாப்பிடாதே, ஒரு டாக்டரிடம் ரத்தம் கொடுத்துப் பார், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல், அப்பாவின் உடம்பு உனக்கும் வந்திருக்கலாம். தாளை எனக்கு அனுப்பு. இனி இந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது.

அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மெக்னீசியம் தினம் முழுதாக அவளுக்கு மட்டும், எனக்குத் துளிகூடக் கிடையாது. வீட்டுக்கு வந்த முதல் காலை எட்டு மணிக்கு அவள் மாத்திரையை எடுத்தாள், பழக்க தோஷத்தில் பிளேடைத் தேடினாள், அப்புறம் முழு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். விழுங்கேன் என்றேன். தனியா எப்படிங்க என்றாள். நான் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் மாத்திரையோடு குடித்தாள், நான் வெறும் தண்ணீரைக் குடித்தேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை அண்ணாந்தோம். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். இப்போதெல்லாம் தண்ணீரை அவளே ஊற்றுகிறாள், நேற்று பார்த்தேன், இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து மட்டம் பார்க்கிறாள்.

நீ நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும், உன் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் பத்திரமாக இறங்க வேண்டும். வழியில் கழிவறைக்கு இறங்க முடியாது என்று நீ தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டுவதாக ஒருமுறை சொன்னாயே, அதை மட்டும் விட்டுவிடு. இங்கே எட்டு மணி என்றால் உனக்கு அங்கே என்ன மணி என்று அம்மா சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்த நேரத்துக்கு நீயும் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. மூன்று பேராகக் குடிப்போம்.

முழு அன்புடன்,
உன் அப்பா

(அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். டம்ளர் நிறைய ஊற்றிக்கொள்ளச் சொல்கிறாள்.)