எடுக்காத ஏணி

என் சின்னவனுக்கு,

அப்பாவின் நினைவுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. கடற்படையின் பெரிய அதிகாரிகள் வந்து அவருடைய பதக்கங்களைப் பற்றியே பேசினார்கள். சொன்னால் சிரிப்பாய், கடைசி வருஷங்களில் அவருக்கு இந்த வீடே கப்பலாகிவிட்டது. சமையலறைக்குள் வரவும் என்னிடம் அனுமதி கேட்பார். நானும் கேப்டன் மாதிரி, "சரி, வாங்க" என்பேன்.

வாசல் கதவுதான் அவருக்குக் கப்பலில் ஏறும் ஏணி; அதை மட்டும் தாழ் போட விடமாட்டார். "ஏணியை எடுத்துடாதே. சின்னவன் இன்னும் ஏறலை" என்பார். உன்னை வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன். திருட்டுப் பயம், வாசல் கதவைப் பூட்டிக்கொள் என்கிறான் உன் அண்ணன்.

ஏணியை நான் இன்னும் எடுக்கவில்லையடா.

அம்மா