குழாய் முனையில் இருந்த சிவப்புக் குச்சி

ஹான்காக், மிச்சிகன்
அக்டோபர், ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள ரூடிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். அப்பா நீ விட்டுப்போனபடியே இருக்கிறார், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அரிசோனா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று ஆண்டவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகஸ்டுக்குப் பிறகு உன் கையெழுத்தில் ஒரு வரிகூட வரவில்லையே. கோபத்தில் சொல்லவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். கடைசிவரை படி, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

இங்கே ஏரிக்காற்று ஆரம்பித்துவிட்டது, மேப்பிள் இலையெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டது. ஆப்பிளை நறுக்கிப் புட்டியில் அடைத்து நிலவறையில் வைத்திருக்கிறேன், யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்காதே, பழக்கம் கையை விடவில்லை. சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கான சவுனா அறையை ஒருத்திக்காகச் சூடேற்ற மனம் வரவில்லை என்று இரண்டு வாரம் விட்டுப்பார்த்தேன், மூன்றாம் வாரம் குளிர் எலும்பில் ஏறியதும் விறகை அடுக்கிவிட்டேன். உள்ளே உட்கார்ந்து கல்லில் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்துப் பலகையைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். காலையில் காபிக்கு இன்னும் இருவருக்கான அளவுதான் போடுகிறேன், மிச்சத்தை மத்தியானம் சுடவைத்துக் குடித்துக்கொள்கிறேன், வீணாக்குவதில்லை. ஏலக்காய் ரொட்டி மட்டும் சுடுவதை விட்டுவிட்டேன், பாதி ரொட்டி சுட முடியாது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். நீ கிளம்பிப் போன நாளிலிருந்து நம்முடைய பச்சை பிக்கப் சரியாக ஓடவில்லை. நின்றால் நடுங்கியது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டக் காத்திருக்கும் நேரத்துக்குள் சூடேறிவிடும். பெட்ரோலை எப்படிக் குடித்தது என்றால், என் கணக்கைப் பார்த்து நானே கூட்டலில் தப்பு விட்டுவிட்டேனோ என்று திரும்பக் கூட்டினேன். அப்பா இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போக அந்த மேட்டை ஏறித்தானே ஆகவேண்டும், ஒரு ஞாயிறு மேட்டுப் பாதியிலேயே ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டேன். அதைவிட எனக்கு வலித்தது வேறு ஒன்று. மார்லீஸ் என்று அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள், நல்ல பெண், அவள்தான் சொன்னாள், சாயங்காலமானால் அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் கை காட்டுகிறாராம், வாகனம் நிறுத்துமிடத்துக்கு ஒவ்வொரு வண்டி வரும்போதும் காது கொடுக்கிறாராம். ஆனால் நான் போய் நின்றபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தச் சத்தம் நம்முடைய வண்டியாகவே படவில்லை, ரூடி. யாரோ ஒரு அந்நியர் வந்து நிறுத்துகிறார் என்று உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டு ஆர்வோவைக் கூப்பிட்டேன். கண்ணாடி போடாமல் வந்து, தலையை உள்ளே விட்டு, பிளக்குகளுக்கு நெருப்புப்பொறியைப் பிரித்துக்கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து இங்கே ஒரு முறுக்கு அங்கே ஒரு முறுக்கு, காதால் கேட்டே சரிசெய்துவிட்டேன் என்றான். அடுத்த நாள் மேட்டில் இஞ்சினுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். நான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து சமையல் மேசையில் விரித்துப் படிப்பதைப் பார்த்து, அடியே லெம்பி, பொம்பளை கையில ஸ்பேனரைப் பாத்தா பாஸ்டர் பிரசங்கத்தையே மாத்திடுவாருடி என்று சிரித்தான். மாத்தட்டும், அவரு வண்டியும் நிக்கிற அன்னைக்கு என்கிட்டதான் வருவாரு, நீ முதல்ல கண்ணாடியைப் போடு என்றேன். கோப்பையை எடுத்துக் காபியைக் குடித்தான்.

புத்தகத்தில் உள்ளதை ஜெபம் பண்ணிவிட்டு மெதுவாகப் படித்தால் ஒன்றும் கஷ்டமில்லை. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழவேண்டும், விருந்தாளி படியேறும்போதே நாம் காபியை அடுப்பில் ஏற்றுகிறோமே, அப்படி. இஞ்சின் ஓடியபடி வண்டி சும்மா நிற்கும்போதும், சமதரையில் லேசாக ஓடும்போதும் இன்னும் முன்னதாக விழவேண்டும். அதற்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் அந்தத் தகர டப்பி, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இஞ்சினுக்குப் போகிறது, இஞ்சின் மூச்சை இழுக்கும்போது டப்பிக்குள் உள்ள சவ்வும் இழுபட்டுப் பொறியை முன்னுக்குத் தள்ளுகிறது. பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைக்கும்போது மட்டும் அந்தக் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிடவேண்டும், முடிந்ததும் மறக்காமல் மாட்டவேண்டும் என்று போட்டிருந்தது. சரி, முதலில் குழாயைக் கழற்றுவோம் என்று டப்பியைத் தேடினால் அதில் குழாயே இல்லை. வயர்களுக்குப் பின்னால் கையை விட்டேன். குழாய் அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, அதன் முனையில் கோல்ஃப் பந்தை நிறுத்தி அடிக்கிற அந்தச் சிவப்பு மரக்குச்சி செருகியபடி. வாழ்நாளில் கோல்ஃப் மைதானத்தில் கால் வைக்காத உன் அப்பா சட்டைப்பையில் வைத்திருப்பாரே, குழாய் அடைக்க இதைவிட அளவானது கடையில் கிடையாது என்பாரே, அதேதான்.

பதறாதே, மகனே. அன்று என்ன நடந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. போவதற்கு முன் அம்மாவுக்கு டைமிங்கைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நீ குனிந்திருந்தாய், அப்போதுதான் இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது, கட்டில் காலியாகியிருக்கிறது, இன்றைக்கே அழைத்து வந்தால்தான் உண்டு என்று. நீ பானட்டை மூடினாய். அவ்வளவுதான். அந்த நேரத்தில் குச்சியை நினைக்க யாரால் முடியும்.

மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனோம், அப்பா நடுவில். ஏரி திருப்பத்திலிருந்து அவர் நல்ல கையை மடக்கி விரல் முட்டியால் டாஷ்போர்டைத் தட்டத் தொடங்கினார், பிறகு மணிக்கட்டை லேசாக ஒரு பக்கம் அசைப்பார், மறுபடி தட்டுவார், வழியெல்லாம். பக்கவாதத்தில் பேச்சுதான் போய்விட்டதே. வேணாம்ப்பா, இப்படிக் கேக்காதீங்கப்பா, என்னால முடியலப்பா என்று நீ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதாய். வீட்டுக்குக் கூட்டிப்போ என்று கெஞ்சுகிறார் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைச் சுமந்துகொண்டுதான் நீ அங்கே எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

மிச்சத்தைக் கேள். குச்சியைப் பிடுங்கிவிட்டு, டப்பியின் சவ்வு கிழியவில்லையே என்று பார்க்க ஒரு துண்டுக் குழாயை அதில் மாட்டி வாயால் உறிஞ்சி நாக்கை வைத்து அடைத்தேன், நாக்கை விடாமல் பிடித்துக்கொண்டது, நல்ல சவ்வுதான், வாய் மட்டும் பெட்ரோல் நாற்றம். பிறகு அதே சிவப்புக் குச்சியால் குழாயை அடைத்து, இஞ்சின் முன்னால் சுற்றுகிற கப்பியில் உள்ள கோட்டுக்குச் சாக்கட்டி பூசி, அப்பாவுடைய டைமிங் லைட்டை முதல் பிளக் வயரில் மாட்டி அந்தக் கோட்டின்மேல் வெளிச்சம் அடித்தேன். ஆர்வோவின் முறுக்கு கோட்டை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து இறுக்கி, குச்சியை எடுத்துக் குழாயைத் திரும்ப மாட்டினேன். இஞ்சின் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி ஓட ஆரம்பித்தது, திருகாணியைத் திருப்பி வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவேண்டியிருந்தது. பிறகு குச்சி என் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பானட்டை மூடினேன்.

இன்று ஆராதனை முடிந்து நேரே போனேன். மேட்டை ஏறும்போது பயத்தில் சங்கீதம் பாடவேண்டிய அவசியமே வரவில்லை. அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். அவர் முகம் திரும்பியது, ரூடி. ஜன்னலை மார்லீஸ் திறந்துவிட்டாள். உடனே நாற்காலிக் கையில் விரல் முட்டியால் தட்டினார், மணிக்கட்டை அசைத்தார், அதே அசைப்பு. ஐயோ பாவம், அம்மா, வீட்டுக்குப் போகணும்னு கேக்கறாரு என்றாள் அவள். அந்த ஆகஸ்டு நாள் மறுபடி வந்து நின்றது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக அவர் இஞ்சினில் குனிந்திருக்க, நான் உள்ளே உட்கார்ந்து அவர் தட்டிச் சொல்கிறபடி ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பேன். திறந்த பானட்டுக்கும் வண்டியின் முன்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அவருடைய மணிக்கட்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து மயிரிழை நகர்த்துகிற அந்த மணிக்கட்டை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேனே, இரண்டு மாதமாக எப்படித் தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு பானட்டைத் திறந்தேன். போல்ட்டைத் தளர்த்தி, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன், இந்த முறை அவர் உள்ளே, நான் வெளியே. கொஞ்சம் நகர்த்தினேன். மணிக்கட்டு அசைந்தது, இன்னும் என்று. இன்னும் மயிரிழை. கை நின்றது. பிறகு விரல்கள் விரிந்து மடியில் போய் இறங்கின, வேலை முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவாரே, அந்த மாதிரி. அம்மா, உங்களுக்கு என்னம்மா சொல்றாரு என்று மார்லீஸ் கேட்டாள். டைமிங் பத்தலைங்கறாரு என்றேன். அவள் சிரித்தாள், எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தை யாரோ மாதிரித்தான் பார்த்தார். வண்டியைத் தெரிந்தது, என்னைத் தெரிந்ததா என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நான் உன்னிடம் பொய் எழுதமாட்டேன், வீட்டை அவர் நினைப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்தக் கை கெஞ்சியது வீட்டுக்காக இல்லை, ரூடி. வண்டி சரியாக ஓடவில்லை, மகன் எதையோ மறந்துவிட்டான், அதைச் சொல்லித்தான் வழியெல்லாம் தட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு வேதனையிலும் அவர் உன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதை இறக்கி வை.

வேலைக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி, அங்கே நம்முடைய சபை இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு சபையில் போய் உட்கார். கிறிஸ்துமஸுக்கு வருவதென்றால் பனி மூடுவதற்குள் தேதியை எழுது. வந்தால் இல்லத்துக்கு நீயே வண்டியை ஓட்டிக்கொண்டு போ, வாசலில் நிறுத்தாதே, ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, உடனே அணைத்துவிடாமல் கொஞ்ச நேரம் ஓடவிடு. முகம் திரும்பும். அதற்குப் பிறகு உள்ளே போ.

உன்னைத் தாயின் வயிற்றில் அறிந்த தேவன் அந்தப் பாலைவனத்திலும் உன் பக்கத்தில் நடப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. சிவப்புக் குச்சியைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. அப்பாவின் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டு வைத்திருக்கிறேன், சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, நீ வந்து எடுத்துக்கொள்.

உன்னை நினைத்து இரண்டு கோப்பை காபி போடுகிற
அம்மா
லெம்பி