பின்னறைக் காற்று

1983 ஏப்ரல் 19, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்தேன், கரண்ட் போயிற்று. மோர்ச்சாதத்துக்கு வந்தேன், கரண்டும் வந்தது. கை கழுவ எழுந்தேன், மறுபடி போயிற்று. நான் ஃபேனுக்குக் கீழே இருக்கிறேனா என்று கம்பத்தின் மேல் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் படித்த கான்வென்ட்டில் எட்டு முழத் துணியை உச்சி முதல் பாதம் வரை சுற்றிக்கொண்டு சிஸ்டர்கள் மே மாதத்தில் நடமாடுவார்கள். ஒருவர்கூட வியர்த்து நான் பார்த்ததில்லை. அது எப்படி என்று மட்டும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 22, வெள்ளி

நேற்று ராமநவமி. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பானகம், நீர்மோர், ஒரு பனையோலை விசிறி. முனியம்மாள் கொண்டுவந்தாள். அவள் இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறவள். இரண்டு வீட்டுக்கும் இப்போது பொதுவாக இருப்பது அவளும் நடுச்சுவரும்தான்.

சுவரில் ஒரு கதவு உண்டு. பாகம் பிரித்த அன்று என் கொழுந்தன் வேதகிரி அவன் பக்கம் ஒரு பூட்டுப் போட்டான். நான் என் பக்கம் ஒன்று போட்டேன். அன்று முதல் அவன் பெண்டாட்டி சிட்டம்மாள் என்னோடு பேசுவதில்லை. நானும் அவளைத் தொந்தரவு செய்வதில்லை.

ராமநவமிக்கு விசிறி தானம் கொடுப்பது புண்ணியம். விசிறி வாங்க வக்கில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். கூரையில் ஃபேன் தொங்கும் வீட்டுக்கு, அதுவும் ரோஜா நிறத் துணி வைத்து ஓரம் தைத்து, ஒருத்தி கொடுத்தனுப்புகிறாள் என்றால் அது புண்ணியத்துக்காக இல்லை.

"ஆணியில் மாட்டிவிட்டுப் போ. நான் தொட மாட்டேன்" என்றேன்.

"விசிறி உங்கள இன்னாம்மா பண்ணிச்சி? பாவம், அது பாட்டுக்கு கீது" என்றாள் முனியம்மாள். "அந்தம்மா தெரு பூரா குடுத்துட்டாங்க. வூட்டுல ஒண்ணுகூட வெச்சிக்கில."

பெரிய தர்மவதி.

மே 4, புதன்

கத்திரி ஆரம்பம். யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

மே 7, சனி

கொல்லைப்புறமாக வல்லி வந்தாள். சிட்டம்மாளின் பெண். ஆனந்தவல்லி என்று கோயில் தாயார் பெயரை வைத்துவிட்டு இப்போது அந்தத் தாயார் வந்துதான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தேழு முடிந்துவிட்டது. நல்ல பெண். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அது எங்கள் குடும்பத்து வாய், குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு திருப்புட்குழியிலிருந்து பார்க்க வருகிறார்களாம். பையனுக்குக் காஞ்சிபுரத்தில் பாங்க் வேலை.

"போன தடவ மாதிரி ஆவப்போவுது பெரியம்மா. கரண்ட் பூடுச்சி. போட்ட பவுடர் எல்லாம் வழிஞ்சி கோடு கோடா நின்னேன். பொண்ணுக்கு இன்னாமோ தோல் வியாதின்னு போயிட்டானுங்க. இந்த தடவையும் போனா அப்பா நிலத்த வித்துட்டு என்ன ரெண்டாந்தாரமா குடுத்துருவாராம். ஒரு கிழவன் ரெடியா கீறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

மே 10, செவ்வாய்

இன்று வேதகிரி வாசல் வழியாகவே வந்தான். நெற்றியில் வியர்வையும் முகத்தில் மரியாதையுமாக. இரண்டுமே அவனிடம் நான் அதிகம் பார்க்காதவை.

கூடம் வேண்டுமாம். அவன் பக்கத்து லைனில் வோல்டேஜ் இல்லை. ஃபேன் போட்டால் ரெக்கைகளை உட்கார்ந்து எண்ணலாம். என் பக்கம் வேறு ஃபேஸ் கம்பி, காற்று வருகிறது. ஞாயிறு மத்தியானம் என் லைனில் கட் கிடையாது என்று லைன்மேன் பாண்டுரங்கன் சத்தியம் செய்திருக்கிறானாம்.

"தாராளமாக" என்றேன். வல்லிக்காக.

அவன் எழுந்திருக்கவில்லை. துண்டை மடித்தான், பிரித்தான்.

"இன்னொண்ணு அண்ணி... சிட்டம்மா சொல்றா... நல்ல காரியம் பாருங்க... வர்றவங்க எப்டியோ... நீங்க கொஞ்சம் பின்னறையில..."

"ஃபேன் வேண்டும். கூடம் வேண்டும். ஃபேனுக்குச் சொந்தக்காரி வேண்டாம். சரியாகச் சொன்னேனா?"

அவன் மேலே ஃபேனைப் பார்த்தான். அது எதுவும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி" என்றேன்.

மே 11, புதன்

எனக்கென்ன. நான் எந்தக் கல்யாணத்தில்தான் முன்னால் போய் நின்றேன்? அவர் போனதிலிருந்து எங்கே உட்கார வேண்டும் என்று எனக்கே தெரியும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை — ஆனால் என் வீட்டில்? என் கூடத்தில்? வூட்டுக்காரிய வூட்டுக்குள்ள ஒளிச்சி வெக்கிறாங்களாம், திருட்டுப் பொருள் மாதிரி! ச்சீ.

வேலைக்காரி பேச்சு என் பேனாவில் ஏறிவிட்டது. அடிக்கவில்லை. இருக்கட்டும்.

என்னை எதற்கு ஒளித்து வைத்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை நான் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் தயாராக இருக்கிறது. தமிழிலும் இங்கிலீஷிலும்.

மே 13, வெள்ளி

சிறை வைப்பதானால் சிறை சுத்தமாக இருக்க வேண்டும். முனியம்மாளை வைத்துப் பின்னறையைக் கழுவினேன். எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் திறந்தேன். கிணற்றுப் பக்கத்து ஜன்னலுக்குப் பழைய போர்வை ஒன்றை நனைத்துத் தொங்கவிட்டேன். வெட்டிவேர் போட்ட தண்ணீர்ப் பானை. பிரம்பு நாற்காலி. இரண்டு பாய்.

"யாருக்கும்மா இம்மாம் ஜோடனை? பொண்ணு பாக்கறது அங்க இல்ல கீது?" என்றாள் முனியம்மாள்.

"ஒளிந்திருப்பவர்களுக்கும் முறை உண்டு" என்றேன். புரியவில்லை அவளுக்கு. எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

மே 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே வாடகைக்கு இரண்டு ஸ்டாண்டு ஃபேன் வந்து இறங்கியது. டியூப் லைட் வேறு, பட்டப்பகலில். பெண்ணைப் பார்க்க வருகிறார்களா, ஆபரேஷன் செய்ய வருகிறார்களா தெரியவில்லை. வெளியிலிருந்து தூசியும் திருஷ்டியும் வரும் என்று சிட்டம்மாள் கூடத்து ஜன்னல்களைச் சாத்தினாள். பிறகு, பஜ்ஜி சூடாக இருக்க வேண்டுமே, அவள் வீட்டுக் கரண்ட் அடுப்பையும் தூக்கிவந்து என் கூடத்துப் பிளக்கிலேயே செருகினாள்.

"வேதகிரி, ஒரே லைனில் இத்தனையும் தாங்காது" என்றேன், பின்னறையிலிருந்து.

"ஒண்ணும் ஆவாது அண்ணி. நீங்க உள்ள இருங்க."

உள்ளே இருந்தேன்.

ராகுகாலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே வந்தார்கள். கான்வென்ட்டில் படித்தவள் கதவிடுக்கில் எட்டிப் பார்க்க மாட்டாள். கதவு தானாகத்தான் திறந்திருந்தது.

பையனின் அம்மாவுக்குக் காய்ச்சலாம். அவனை வளர்த்த அத்தைதான் முடிவு சொல்ல வந்திருந்தார். கனத்த சரீரம். வெள்ளைப் புடவை. வெற்று நெற்றி.

மறுபடி பார்த்தேன். ஆமாம். என்னைப் போலத்தான்.

"வாங்க, வாங்க, இப்டி ஃபேனுக்கு நேரா உக்காருங்க" என்று சிட்டம்மாள் கையைப் பிடித்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தாள். சகுனத்துக்கும் ஆள் பார்க்கத் தெரிகிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தால் அது கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்த வாக்கியம் என் தொண்டை வரை வந்துவிட்டது.

அதற்குள் வெளியே கம்பத்தில் டப்பென்று ஒரு சத்தம். மூன்று ஃபேனும் சேர்ந்து மூச்சை விட்டன. பஜ்ஜி பாதி வேக்காட்டில் நின்றது. வேதகிரி பாண்டுரங்கனைத் தேடி ஆள் அனுப்பினான். அவன் மாகறலில் தங்கை குழந்தைக்குக் காது குத்தப் போயிருக்கிறானாம். சத்தியம் செய்தவன் அதை மட்டும் சொல்லவில்லை.

சாத்திய ஜன்னலுக்குள் அத்தனை பேர். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. "எனக்கு இன்னாமோ பண்ணுதே... ஒரு விசிறி குடுங்கம்மா."

விசிறி! சிட்டம்மாள் அவள் பக்கத்துக்கு ஓடினாள். அங்கே ஏது? தெரு பூராவும் தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்த்தவள் ஆயிற்றே. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மிஞ்சியிருந்த ஒரே விசிறி என் பின்னறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னறை வாசலில் வந்து நின்றாள். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. பாகம் பிரித்த பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு:

"அக்கா... அந்த விசிறி..."

ஆணி அவளுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. நான் எழுந்து எடுத்தேன். எடுத்தவள் அவளிடம் கொடுக்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனேன்.

விசிற விசிற அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"பெண்ணுக்குப் பெரியம்மா."

"வூட்டுக்குப் பெரியவங்க, இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

வேதகிரி துண்டை வாயில் வைத்துக்கொண்டான். உள்வாசல்படியில் வல்லி, பவுடர் கோடுகோடாக வழிய, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கிழவன், நிலம், எல்லாம் இருந்தது.

"பின்னறையில்" என்றேன். "அங்கேதான் காற்று வரும்."

"அப்புறம் எதுக்கு எங்கள இங்க போட்டு வேக வெச்சிக்கினு கீறீங்க? புடிங்க என் கைய."

எழுந்தே விட்டார். அவர் பின்னால் பெண்கள் எல்லோரும். பின்னறைக்கு. என் பிரம்பு நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார், கேட்காமல். நனைந்த போர்வை வழியாக ஒரு காற்று வந்தது பார், கிணற்றையே உள்ளே கொண்டுவந்த மாதிரி.

வல்லி பானைத் தண்ணீரை மொண்டு, பின்வாசலில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பவுடர் போயிற்று.

"இந்த மூஞ்ச எதுக்குடி வெள்ளையடிச்சி மறைச்ச?" என்றார் அத்தை.

"போட்டா தோல் வியாதியான்றாங்க, போடாட்டி கறுப்பான்றாங்க. நான் இன்னா பண்றது?"

சிட்டம்மாளுக்கு உயிர் போய்விட்டது. அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

பையனுக்கு மோர் கொடுத்து வரச் சொல்லி வல்லியைக் கூடத்துக்கு அனுப்பினார். ஆண்கள் அங்கேயே வெந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவள் என் காதில் சொன்னாள்: "அவுரும் பவுடர் போட்டுக்கினுதான் வந்துகீறாரு பெரியம்மா. கோடு கோடா வழியுது."

மே 16, திங்கள்

பாண்டுரங்கன் வந்து ஃப்யூஸ் போட்டான். முழுக்கக் கருகியிருந்ததாம் கம்பி. வேதகிரி வெளியில் வரவில்லை.

அத்தை நேற்றுக் கிளம்பும்போது என் கையை விடவே இல்லை. "கல்யாணத்துல நீங்க என் பக்கத்துல உக்காரணும். இல்லன்னா எனக்குத் துணையே கெடையாது" என்றார். கல்யாணம் என்றார். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார், இன்னும் சம்மதம் சொல்லவில்லையே என்று.

சிட்டம்மாள் பாதி வெந்த பஜ்ஜியை முழுதாகப் பொரித்து ஒரு தட்டு அனுப்பினாள். உப்பு அதிகம்.

ஜூன் 2, வியாழன்

சம்மதம் வந்துவிட்டது.

மத்தியானம் நடுக்கதவில் அந்தப் பக்கம் ஏதோ தட்டும் சத்தம். பூட்டுத் துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை போலிருக்கிறது. வேதகிரி சுத்தியலால் அடிக்கிறான். இருபது வயதிலிருந்தே அவனுக்குச் சாவி போடத் தெரியாது. என் பக்கத்துப் பூட்டுக்கு நான் வருஷாவருஷம் எண்ணெய் விடுகிறவள். ஒரு திருப்பில் திறந்தது.

செப்டம்பர் 1, வியாழன்

கல்யாணம். முதல் வரிசை, ஸ்டாண்டு ஃபேனுக்கு நேராக, அத்தையும் நானும். இரண்டு வெள்ளைப் புடவை. அட்சதை எங்கள் கையிலும் கொடுத்தார்கள். ஃபேன் காற்றில் பாதி அட்சதை ஐயர் மேல் விழுந்தது.

1984 ஏப்ரல் 10, செவ்வாய்

ராமநவமி. சிட்டம்மாள் நடுக்கதவு வழியாக அவளே வந்தாள். பானகம், நீர்மோர், புது விசிறி. இந்தத் தடவை பச்சைத் துணி ஓரம்.

"பிடி குட்டை. தையல் கோணல்" என்றேன்.

"அடுத்த வருசம் நீட்டமா பாத்து வாங்கறேன் அக்கா" என்றாள். போகாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"உன் வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொண்டாயா?"

"இல்ல, எல்லாத்தையும் குடுத்துட்டேன். வேணும்னா இங்க வந்து எடுத்துக்கறேன்."

கரண்ட் இருந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் பழைய விசிறியை ஆணியிலிருந்து எடுத்தாள், நான் புதியதை எடுத்துக்கொண்டேன்.