நல்ல மணம், அண்ணை

அண்ணை,

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் ஒரு கிளாஸை நீட்டினார். வீட்டிலேயே பியர் காய்ச்சப் பழகுகிறாராம், இது முதல் வாளியாம். கிளாஸ் மூக்குக்குக் கிட்ட வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வினாகிரிப் புளிப்பு. "இது பழுதாகிவிட்டது, ஊற்றிவிடுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மனிசனின் முகம் சுண்டிப்போனது. உள்ளே வந்தால் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒரு வாய் குடிச்சிட்டு நல்லாயிருக்கு எண்டு சொன்னால் என்ன குறைஞ்சுபோடும் உங்களுக்கு?"

அந்த மணம் இன்னும் மூக்குக்குள்ளேயே நிற்கிறது. அதுதான் இன்று காலை, நீங்கள் போய் இத்தனை வருடங்களுக்குப் பிறகு, உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது நான் பிக்கரிங்கில் இருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வோபர்னில் உங்கள் வீட்டில் இருந்தேன்; மேலே நீங்களும், நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும், கீழே பேஸ்மென்ற்றில் நான். என்னை அஜின்கோர்ட் பிளாஸ்ரிக் பக்ரறியில் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். அங்கே உங்களுக்குப் பட்டப்பெயர் 'மூக்கர்'. சாப்பாட்டு அறையில் மூடிக் கிடக்கும் பெட்டிகளைக் காட்டி, "இதுக்குள்ளை சூடைமீன் பொரியல். உதுக்குள்ளை நேற்றையான் பருப்பு. உந்த வெள்ளைக்காரன் இண்டைக்கும் முட்டைதான்" என்பீர்கள். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை மெசினுக்குள் வயர் கருகுவதை மற்ற எல்லோருக்கும் முதல் மணந்து நிற்பாட்டியதும் நீங்கள்தான். அந்தப் பெருமையை ஒரு மாதம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

பியர் காய்ச்சும் ஆசை வந்ததும் அந்த மூக்கால்தான். குடியில் உங்களுக்குப் பெரிய நாட்டமில்லை. வாளி நாளுக்கொரு மணம் மணக்கும் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள், அது போதும் உங்களுக்கு. மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் வாளி, மூடியில் செருகித் தண்ணீர் விடுகிற வளைந்த குழாய், அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவை, தகரத்தில் அடைத்த, முளைவிட்ட பார்லியின் மோல்ற் பாகு, அதை நொதிக்க வைக்கிற ஈஸ்ற் பக்கற், போத்தலுக்கு மூடி அழுத்தும் கருவி. எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கூட வந்த துண்டுத்தாளை இரண்டு பேரும் எழுத்துக்கூட்டி வாசித்தோம். பாதித் தாளில் கழுவுவதைப் பற்றித்தான் இருந்தது.

"வாளியைத் தும்பு போட்டு உரஞ்சாதை. கீறல் விழுந்தால் கிருமி அதுக்குள்ளை குடியிருக்கும்." "சூடு ஆற முன்னம் ஈஸ்ற்றைப் போட்டியெண்டால் அது செத்துப்போம்." "மிதவை மூண்டு நாள் ஒரே நம்பர் காட்டினால்தான் போத்தல். அவசரப்பட்டால் வெடிக்கும்." தாளில் இருந்ததை எல்லாம் நீங்களே கண்டுபிடித்ததுபோல எனக்குச் சொல்வீர்கள். நானும் உம் கொட்டுவேன்.

என் அறை வாசலில்தான் வாளி இருந்தது. வேலைக்குப் போகுமுன் கீழே இறங்கி, குமிழி விடும் குழாயின் மேல் குனிவீர்கள். "இண்டைக்குப் பாண் மணம்." மறுநாள், "வாழைப்பழம்." நாலாம் நாள் கூழ்முட்டை மணம் வந்தபோது நான் பயந்துவிட்டேன். "பயப்பிடாதை. ஈஸ்ற் வேலை செய்யுது, ரண்டு நாளிலை போயிடும்" என்றீர்கள். போய்விட்டது. அந்த முதல் வாளி உண்மையிலேயே நல்ல பியர். அதை நான் மனதாரச் சொன்னேன்.

அடுத்த குளிர்காலம்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது.

ஒருநாள் பாகு அடிப்பிடித்துக் கருகும் மணம் பேஸ்மென்ற் வரை இறங்கி வந்தது. நான் மேலே ஓடினால், நீங்கள் அகப்பையும் கையுமாக அடுப்படியிலேயே நிற்கிறீர்கள். யன்னலால் பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுப்பை நான்தான் நிற்பாட்டினேன். "மூக்கடைப்படா" என்றீர்கள். ஹீற்றர் வெக்கையில் எல்லோருக்கும் மூக்கு அடைக்கிற காலம், நானும் நம்பினேன். அடுத்த முறை போத்தல்கள் பிளீச் மணத்தன, ஆஸ்பத்திரி மாதிரி. வடிவாக அலசவில்லை. பிறகு குழாயில் தண்ணீர் வற்றி, அதைச் சுற்றிப் பழ ஈ மொய்த்தது. அதே குழாயில் தண்ணீர் ஒரு சொட்டுக் குறைந்தாலும் என்னைப் பேசிய மனிசன் நீங்கள். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனீர்கள். பெருவிரலால் நெற்றியை அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்ததையும் இரண்டு மூன்று தரம் கண்டேன். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. வயது போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

"இனி நீ மணந்து சொல்லு, எனக்கு அலுத்துப்போச்சு" என்றீர்கள். எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த சந்தோசம், புளுகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நீங்கள் வாளியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தீர்கள். "ஏதும் பிழையான மணம் இருக்கோ? உண்மையைச் சொல்லு, தம்பி."

வினாகிரி மூக்கில் அடித்தது. கண் கலங்குகிற அளவுக்கு அடித்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் வீட்டில் இருக்கிறேன், அக்கா சமைத்ததைச் சாப்பிடுகிறேன், நீங்கள் ஆசையாகக் காய்ச்சியது. எப்படிச் சொல்வது?

"நல்ல மணம், அண்ணை."

"வடிவாப் பார்."

"ஓம், வடிவாத்தான் பாத்தனான். முந்தினதைவிட நல்லம்."

அந்தக் கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். நீங்கள் பெரிதாக மூச்சு விட்டு, சிரித்து, முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு, படியில் இரண்டு இரண்டாகத் தாவி மேலே போனீர்கள். நான் என் கிளாஸை உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிறகு வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பியரைக் கொடுத்தீர்கள். எல்லோரும் நல்ல பிள்ளைகள். "அருமை, அண்ணை" என்றார்கள். ஒருவர் தன்னுடையதைப் பூச்சாடிக்குள் ஊற்றியதை நான் கண்டேன்.

பனி கரைகிற நேரம், பக்ரறியில் உங்கள் மெசினிலேயே வயர் கருகியது. புகை உங்கள் தோளுக்குப் பக்கத்தால் எழும்பியது. நீங்கள் அசையாமல் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். யாரோ கத்தித்தான் உங்களை இழுத்தார்கள். திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தீர்களே, அண்ணை, அந்தப் பார்வையில் நாங்கள் யார் என்றே உங்களுக்குத் தெரியவில்லைப் போலிருந்தது. அடுத்த கிழமை குளியலறையில் விழுந்தீர்கள். மூக்குக்கு மேலே, தலைக்குள் ஒரு கட்டி, பல வருடமாக வளர்ந்திருக்கிறது என்றார்கள். முதலில் போவது மணம்தானாம். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் எடுத்திருக்கலாமாம். வெட்டினார்கள். நீங்கள் கண் திறக்கவேயில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனம் எல்லாம் கலைந்த பிறகு, அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு முன்னால் இருந்தா.

"எனக்கு அப்பவே சந்தேகம், தம்பி. கறி கருகினாலும் அவருக்குத் தெரியாது. டொக்டரிட்டை நாள் எடுத்து வச்சிருந்தனான், ஒரு திங்கக்கிழமைக்கு. ஞாயிற்றுக்கிழமை கீழை இருந்து துள்ளிக்கொண்டு வந்து, 'எனக்கு அதிலை ஒரு பிழையும் மணக்கேல்லை, தம்பியும் பிழையில்லை எண்டுறான். என்ரை மூக்கு நல்லாத்தான் இருக்கு, உந்த டொக்டரை விடு' எண்டு சொல்லிப்போட்டார்."

நீங்கள் என்னிடம் கேட்டது பியரைப் பற்றி அல்ல.

அக்கா என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவவுக்கு ஒன்றும் தெரியாது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஆறுதலுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டா.

"அந்தப் பியர் நல்லாத்தானே இருந்தது, தம்பி?"

"ஓம், அக்கா," என்றேன்.

அவ இன்னும் வோபர்னில்தான் இருக்கிறா. தைப்பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் போன் எடுத்து என்னை விசாரிப்பா. ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும் என்று நினைத்து, சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் யாருடைய கிளாஸை வாங்கினாலும் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறேன். என்னோடு கோபித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதெல்லாம் உங்களுக்கு ஒரு உதவியுமில்லை.

அது புளித்துப்போய்க் கிடந்தது, அண்ணை. வாய்க்குக் கொண்டுபோக முன்னமே எனக்குத் தெரியும்.