இடது பக்கத்து ஒடுக்கு

ஃபேர்ஃபேக்ஸ், கலிஃபோர்னியா
14 அக்டோபர் 2023

அன்புள்ள லோர்னாவுக்கு,

பெர்னி எழுதுகிறேன். நீயும் உன் இரண்டு நாய்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மொன்டானாவில் இதற்குள் பனி தொடங்கியிருக்கும். இங்கே ஒரு தூறல்கூட இல்லை, மலையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. என் முழங்கால் பழைய கதைதான். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் நான் நழுவிவிடுவேன், உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படி, அப்புறம் கிழித்துப் போட்டாலும் சரி.

ரஸ் மென்டோன்சாவின் சைக்கிள் பிரேம் கிடைத்துவிட்டது. ஆமாம், அதேதான். 83 ஆகஸ்டில் மலைச்சரிவில் ஹேண்டில்பாருக்குக் கீழே விட்டுப்போய் அவன் இடுப்பை நொறுக்கியதே, அந்த பிரேம். அவன் அப்பா அன்றைக்கே அதைப் பால் பண்ணைக்குக் கொண்டுபோய், நம் பட்டறை ஆள் எவனும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார். கிழவர் போன வருஷம் இறந்துபோனார். பண்ணையை விற்கிறார்கள். கொட்டகையைக் காலி செய்யும்போது வைக்கோலுக்கு அடியிலிருந்து வந்தது, நாற்பது வருஷத்து மாட்டுச் சாணத்தோடு.

ரஸ் ஒரு தப்பு பண்ணினான். அதைப் படம் எடுத்து நம் ஊர் பழைய மலை சைக்கிள் சங்கத்துக்கு அனுப்பி, இது எந்த மாடல், எந்த வருஷம் என்று கேட்டுவிட்டான். இந்தச் சங்கம் நீ போன பிறகு முளைத்தது. பழைய தீவனக் கடையை வாங்கி, சுவரெல்லாம் சைக்கிளாகத் தொங்கவிட்டு, அதற்குக் காட்சிக்கூடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு தொப்பையர்கள் கம்பளி ஜெர்ஸி மாட்டிக்கொண்டு வந்து காப்பி குடிப்பார்கள். ஒரு போல்ட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதில் பாதிப் பேருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது.

தலைவன் சிப் லண்ட்கிரென். நாம் பட்டறையில் வேகும்போது இவன் ஒஹையோவில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பாதித்து முடித்துவிட்டு இங்கே வந்து குடியேறி, நம் வாழ்க்கைக்குத் தானே வரலாற்று ஆசிரியர் ஆகிவிட்டான். கழுத்தில் பூதக்கண்ணாடி ஒன்று தொங்கும். நான் பிராதர் பட்டறையில் ஆறு வருஷம் பெயிண்ட் அடித்தவள் என்று தெரிந்தும், ஒருமுறை எனக்கே பிராதர் சைக்கிளின் பச்சை எப்படிக் கலக்கப்பட்டது என்று விளக்கினான். கேட்டுக்கொண்டேன். தப்பாகத்தான் சொன்னான்.

மூன்று சனிக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. முதல் வாரம் அது பிராதரே இல்லை என்று ஒருவன். முன்பக்கத்துப் பெயர்த் தகடு விழுந்துவிட்டதாம், தகடு இல்லாவிட்டால் இவர்களுக்குப் பெற்ற தாயையே அடையாளம் தெரியாது. இரண்டாவது வாரம், பிராதர்தான், ஆனால் பேட்ஜர் மாடலா, அதைவிட நீளமான அண்ணன் மாடலா என்று சண்டை. மூன்று பேர் மூன்று டேப்பால் அளந்து மூன்று நீளம் சொன்னார்கள். நம் பட்டறை முதலாளி கில், பிரேமில் நம்பர் அடிக்கும் வழக்கமே வைத்துக்கொள்ளவில்லையே, அதைக் கேட்டதும் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் சிப் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து 82ஆம் வருஷத்து விளம்பரத் தாளை வெளியே எடுத்தான். அதில் இருந்த படத்தையும் பிரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கேபிள் போகும் வளையங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் பூட்டு, குழாய் வளையும் இடம், எல்லாம் அச்சு மாறாமல் இருக்கிறதாம். தீர்ப்பு வந்தது. பிராதர் பேட்ஜர், முதல் தொகுதி, நவம்பர் 82.

நவம்பர் 82 என்றால் அதைப் பற்றவைத்தது யார்? நீ. அதையும் அட்டையில் அடித்துவிட்டார்கள், லோர்னா. "முறிந்த பேட்ஜர், 1982. பற்றவைத்தவர்: லோர்னா ஹாஸ்கெல்." நடுக் கூடத்தில், கண்ணாடிக்குள், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரி. அந்த அட்டையைப் பார்க்கத்தான் மூன்றாவது சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரஸ்ஸும் வந்திருந்தான். ஊன்றுகோலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

இந்த மகா அறிஞர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சைக்கிளை எப்போதும் செயின் இருக்கும் வலது பக்கத்திலிருந்துதான் படம் எடுப்பார்கள். இடது பக்கத்தைக் காட்டுவது அவர்கள் உலகத்தில் அவமரியாதை. விளம்பரத் தாளில் வலது பக்கம், புத்தகத்தில் வலது பக்கம், சுவரில் மாட்டினாலும் வலது பக்கம் வெளியே. நாற்பது வருஷமாக ஒரு பொருளை ஒரே பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிறார்கள்.

நான் நடந்துபோய் இடது பக்கம் குனிந்தேன். கைக்குட்டையை எச்சில் தொட்டு, பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் ஒட்டியிருந்த சாணத்தைத் துடைத்தேன். "ஐயோ, துடைக்காதீங்க! அது ஒரிஜினல்!" என்று நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "சாணமா ஒரிஜினல்? அது மாட்டோடது, நம்ம பட்டறையோடது இல்ல" என்றேன். ரஸ் மட்டும் சிரித்தான்.

சாணத்துக்கு அடியில் ஒடுக்கு இருந்தது. கட்டைவிரல் நீளம், டயர் உரசாமல் இருக்க அடித்த ஒடுக்கு.

அந்த வசந்தம் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா மாடிப்படியில் விழுந்து, நீ பிப்ரவரியில் ஊருக்குப் போனாய். ஏப்ரல் கடைசியில்தான் திரும்பி வந்தாய். அந்த இரண்டு மாதத்தில்தான் தடித்த டயர் வந்தது. வலது பக்கம் பல்சக்கரத்துக்காக எப்போதும் ஒரு ஒடுக்கு உண்டு, இடது பக்கம் கிடையாது. கில்லுக்குக் குழாயை வளைக்கப் பொறுமை இல்லை. இடது பக்கத்திலும் சுத்தியலால் ஒரு போடு போட்டான். அப்படிப் பன்னிரண்டு பிரேம், அத்தனையும் அவனே அவசர அவசரமாகப் பற்றவைத்தது. நீ வந்து பார்த்த அன்றைக்குச் சுத்தியலைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாய். "குழாயை நசுக்கறவன் கையில யாருடா பத்தவைக்கிற டார்ச்சைக் குடுத்தது?" என்று நீ கேட்டது பக்கத்துக் கடை வரை கேட்டது. அதற்கப்புறம் நம் பட்டறையில் ஒருவரும் இடது பக்கத்தைத் தொடவில்லை.

ஆகவே அது நவம்பர் 82 இல்லை, மார்ச் 83. உன்னுடையது இல்லை. கில்லுடையது.

இதைச் சொன்னேன். சிப் பூதக்கண்ணாடியை எடுத்தான். ஒரு நிமிஷம் பார்த்தான். "விழுந்தப்ப கல்லுல பட்டிருக்கும், பெர்னி. நீங்க கலைஞர், ஆனா இது ஆராய்ச்சி" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவன் தலையை இழுத்து அந்தக் குழாயின்மேல் வைத்தேன். "நல்லாப் பாரு. ஒடுக்குக்குள்ள பெயிண்ட் ஒரு கீறல் இல்லாம வழுவழுன்னு இருக்கு. கல்லு வந்து அடிச்சிட்டு, அப்புறம் பெயிண்டும் அடிச்சிட்டுப் போச்சா?" என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன் இருமினான்.

அதோடு விட்டேனா? சுவரில் சிப்பின் சொந்த பேட்ஜர் தொங்குகிறது. உன் கைவேலை, நவம்பர் 82 என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். பதினெட்டு வருஷமாக அதன் இடது பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இறக்கு என்றேன். இறக்க மாட்டேன் என்றான். இரண்டு பேர் இறக்கினார்கள். இடது பக்கம், அதே இடத்தில், அதே கட்டைவிரல் நீளம். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். உன் பெயரைச் சொல்லி அவன் பூஜித்தது கில் பிராதரின் அவசர வேலை.

உடனே தப்பை ஒத்துக்கொண்டான் என்று நினைக்காதே. ஒத்துக்கொண்டால் அவன் சொத்து வெறும் இரும்பாகிவிடுமே. எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைக்கும் வரை அட்டை அப்படியே இருக்கட்டும் என்றான். "இந்தம்மா நாப்பது வருஷம் கழிச்சு வந்து ஞாபகத்துலேர்ந்து சொல்றாங்க. மென்டோன்சாவோட பிரேமை பிராதர் பட்டறைக்காரங்க யாருமே பார்த்ததில்லையே" என்றான். தலைகள் எல்லாம் ஆடின.

நான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

இதைத்தான் என்னால் போனில் சொல்ல முடியவில்லை, லோர்னா. விபத்து நடந்த அன்று கில்லும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் ரஸ்ஸின் அப்பாவுடைய லாரி நின்றது. பின்னால் பிரேம் கிடந்தது. இடது பக்கம் மேலே தெரிந்தது. ஒடுக்கைப் பார்த்தேன். குழாய் முறிந்த வாயையும் பார்த்தேன். வெளியே மட்டும் பற்றவைத்த பித்தளை அழகாகச் சுற்றி ஓடியிருந்தது, உள்ளே இறங்கவே இல்லை, இரும்பு காய்ந்து கிடந்தது. நீ பற்றவைத்தது அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. கில் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பட்டறைக்கு வந்து அவன் உன்னிடம், "உன் நவம்பர் பிரேம்தான், லோர்னா, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னபோது, நான் பெயிண்ட் டப்பாவைக் கிளறிக்கொண்டு நின்றேன். அதோடு நீ டார்ச்சை வைத்துவிட்டுப் பட்டறையை விட்டே போய்விட்டாய்.

அக்டோபரில் கில்லுக்கும் எனக்கும் கல்யாணம். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. சிப்பைக் கேவலமாக நினைக்கிறேன், அந்தப் பன்னிரண்டு பேரையும் கேவலமாக நினைக்கிறேன். ஆனால் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு கோழைக்காக வாயை மூடிக்கொண்டவளை என்னவென்று சொல்வது? ஆறு வருஷத்தில் அந்தக் கல்யாணமும் ஊற்றிக்கொண்டது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நீ மைல்ஸ் சிட்டியில் ஸ்கூல் சமையலறையில் சேர்ந்துவிட்டாய், நிம்மதியாக இருக்கிறாய், எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். அமெரிக்காவிலேயே சுத்தமாகப் பற்றவைத்த கை முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அள்ளிப் போட்டது. கூசாமல் அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்தேன்.

தீவனக் கடையில் எல்லார் முன்னாலும் இவ்வளவையும் சொன்னேன். ரஸ் மட்டும் கேட்டான், "அப்பவே ஏன் சொல்லல?" என்று. இங்கே உனக்கு எழுதிய பதிலையே அவனுக்கும் சொன்னேன். அவன் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினான். "நான் அந்தப் பொண்ணை நாப்பது வருஷமா திட்டிட்டு இருந்திருக்கேன். குளிர் நாள்ல எந்திரிக்கும்போதெல்லாம் பேரைச் சொல்லித் திட்டுவேன்" என்றான். அப்புறம் எழுந்துபோய்க் கண்ணாடியைத் திறந்து பிரேமைத் தூக்கினான். சிப் கதவை மறித்துக்கொண்டு, இது சமூகத்தின் சொத்து என்று ஏதோ ஆரம்பித்தான். "பிரேம் என்னோடது, இடுப்பும் என்னோடது. தள்ளு" என்றான் ரஸ். வெளியே லாரியில் அதைக் கட்டும்போது, கயிறு பட்டு பெயிண்ட் உரிந்துவிடுமே என்று ஒரு ஜெர்ஸிக்காரன் தன் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். இவர்களை என்ன செய்வது, சொல்.

கில்லுக்கும் போன் பண்ணினேன். அரிசோனாவில் கிழவர்களுக்கு கோல்ஃப் வண்டி விற்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப யாருக்கு இதுல அக்கறை, பெர்னி? அவளே மறந்திருப்பா" என்றான். இவனையா நான் காப்பாற்றினேன்! இந்தக் கடிதத்தின் நகலை அவனுக்கும் அனுப்புகிறேன். சிப்புக்கும் ஒன்று, என் கையெழுத்தோடு. எழுத்துப்பூர்வமான ஆதாரம் கேட்டானே, வைத்துக்கொள்ளட்டும்.

பிரேம் இப்போது ரஸ் வீட்டு முன்னறையில் இருக்கிறது, இடது பக்கம் தெரிகிற மாதிரி. லோர்னா வந்து பார்க்கும் வரை யாரையும் தொடவிட மாட்டானாம். நீ அதைப் பார்க்க வேண்டும். முறிந்த வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் உனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. பயணம் முடியாது என்றால் அவன் எடுத்த படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் இடது பக்கம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வாழ்த்து வருகிறது. ஒவ்வொன்றிலும் அடியில் ஏதாவது ஒரு மாதிரி அதே வரியை எழுதுவாய், பட்டறையை விட்டு வந்த அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதது நீ ஒருத்திதான் பெர்னி, என்று. நான் எதற்கு அழுதேன் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வருஷம் எனக்கு வாழ்த்து அனுப்பாதே. ரஸ்ஸுக்கு அனுப்பு. முகவரி படங்களின் பின்னால் இருக்கிறது. உனக்கு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதிலிருந்து அவன் தினமும் தபால் பெட்டியைப் போய்ப் பார்க்கிறான்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். கைகளைப் பத்திரமாக வைத்துக்கொள், லோர்னா. அவை ஒரு தப்பும் செய்யவில்லை.

பெர்னடெட்