மறுபடியும் சரளா

போன ஞாயிற்றுக்கிழமை கிட் பையின் அடியில் உன் முகக்கவசம் கிடைத்தது. கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்சில் தலைவலித் தைல வாசனை இன்னும் போகவில்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நெற்றியில் அதைப் பூசிக்கொள்ளாமல் நீ ஒரு நாளும் மைதானத்தில் இறங்கியதில்லை.

உன்னிடம் சொல்லிவிட வேண்டும். போன வாரம் உன் விதியை மீறினேன். இன்று மறுபடியும் மீறப்போகிறேன்.

நம் ஹாக்கி கிளப்பின் முதல் அணி உன் கையில், இரண்டாம் அணி என் கையில் என்று பதினோரு வருடம் இருந்தோம். உன் அணியில் யாருக்காவது அடிபட்டால் என் அணியிலிருந்து ஒருத்தியை மேலே எடுத்துக்கொள்வாய். ஒவ்வொரு முறையும் நான் பல வருடம் ஆடிய ஒருத்தியின் பெயரைச் சொல்வேன். நீ இருபதைத் தாண்டாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவாய். "பெரியவளை மேல ஏத்தி என்னடி பண்றது? ரெண்டு வருஷம் ஆடுவா. சின்னவ பத்து வருஷம் ஆடுவா. காலேஜ்ல கணக்கு சொல்லிக்குடுக்கறே, இது தெரியலியா?" என்பாய். நீ எடுத்துப்போன சின்னவர்களில் பலர் கல்யாணம், வேலை என்று இரண்டே வருடத்தில் நின்றுபோனதை நான் நினைவுபடுத்தினால், "ப்ரொபசர் ஆரம்பிச்சுட்டாடா சாமி" என்று விசிலை எடுத்து ஊதுவாய்.

அப்படி நீ தாண்டிப் போனவர்களில் ஒருத்தி சரளா. பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. நீ பொறுப்பேற்றபோது அவளுக்கு இருபத்திரண்டு, அப்போதே வயது கடந்துவிட்டது. இப்போது முப்பத்து மூன்று. கோயில் தெருவில் கடை திறப்பதற்கு முன் விடிகாலையில் வந்து ஆடிவிட்டுப் போவாள்.

போன வாரம் முதல் அணியின் தடுப்பாட்டக்காரி ஒருத்தி விரலை முறித்துக்கொண்டாள். பட்டியல் இப்போது என் கையில். கமிட்டி அறையில் மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சரளாவின் பெயரைச் சொன்னேன். செயலாளர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

"மேடம், அவங்க இருந்தா நிவேதாவத்தான் எடுத்திருப்பாங்க. பதினெட்டு வயசு, காத்து மாதிரி ஓடுது. அவங்க போட்டோ முன்னாடியே உக்காந்துக்கினு இப்படிப் பண்றீங்களே."

"அவ இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் சார். இல்லாததால தோத்துடணுமா?"

சரளாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. பயந்தாள். "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் மேடம். கடையில லீவு குடுக்க மாட்டாங்க." மறுநாள் அவளே வந்தாள். "வயித்துவலின்னு சொல்லிட்டேன். பதினாலு வருஷமா ஒரு நாள் லீவு கேக்கல, ஒரு வயித்துவலி வரக்கூடாதா?"

நிவேதா என்னை வாசலிலேயே மறித்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?"

"ஒண்ணும் பண்ணல. உனக்கு நாள் இருக்குதும்மா."

"அந்தக்காவுக்கும் அப்படித்தானே சொல்லியிருப்பீங்க?"

சரளாவிடம் அதைச் சொன்னவள் நான்தான். நீ அவளைத் தாண்டிப் போன முதல் தடவை.

ஆட்டத்தில் எதிரணிக்கு ஐந்து பெனால்டி கார்னர் கிடைத்தது. உனக்குத் தெரியாததா? தடுப்பவள் கோல் கோட்டிலிருந்து, பந்தை அடிப்பவளை நோக்கி நேராக ஓட வேண்டும், பந்து முழங்காலிலும் படலாம், முகத்திலும் படலாம். உன் கவசத்தைச் சரளாவுக்கு மாட்டிவிட்டேன். "அக்கா வாசனை மேடம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஓடிய ஓட்டம் எனக்குப் பழக்கமானது. இடது தோளை முன்னால் போட்டு, கடைசி இரண்டு அடியில் குனிந்து. நீ முதல் அணிக்குச் சொல்லிக்கொடுத்ததைக் இரண்டு அணிக்கும் நடுவே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்கைத் தடுத்தாள். ஐந்தாவது அவள் மட்டையில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. ஒன்றுக்குச் சுழியம். தோற்றோம்.

"சாரி மேடம்" என்றாள், முட்டியில் ரத்தத்தோடு. அடுத்த மூச்சில், "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறிடும்."

வரும் ஞாயிற்றுக்கிழமை தோற்றால் முதல் பிரிவை விட்டே இறங்கிவிடுவோம். செயலாளர் தினமும் போன் செய்கிறார். "அவங்க ரூலுதான் சரின்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

அந்த விதி எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வேலூரில் மாநில அணித் தேர்வு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். உன் இடத்துக்குப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாலை அவளைவிட நீ நன்றாக ஆடியதை எல்லோரும் பார்த்தோம். தாமல் ஏரி வந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அவங்க பண்ணது சரிதான்டி. அந்தப் பொண்ணு பத்து வருஷம் ஆடும்."

அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அதைச் சரியாக்கிக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு சரளாவையும் தாண்டிப் போகும்போது அந்த வேலூர்ப் பட்டியல் உனக்கு இன்னும் கொஞ்சம் நியாயமாகிப்போனது. நாற்பத்தைந்து வயதிலும் இந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு நீயே ஓடிக் காட்டுவாய். உன் சின்னவர்களில் ஒருத்திகூட உனக்கு முன்னால் பந்தைத் தொட்டதில்லை. அதை நீ பார்க்கவில்லையா, பார்க்க மறுத்தாயா?

நிவேதா நல்ல ஆட்டக்காரி. அவளைப் பதினாறு பேரில் சேர்த்திருக்கிறேன், பெஞ்சில். கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும். முதல் பதினொன்றில் சரளா. ஞாயிற்றுக்கிழமை தோற்றால் என்னை மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும். அதுவரை பட்டியலை எழுதுபவள் நான்.

கவசத்தை நேற்று துடைத்தேன், ஸ்பாஞ்சைத் தொடவில்லை. அதோடு இன்னொன்றையும் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். தாமலில் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன், நீ திரும்பவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அவர்கள் செய்தது சரியில்லை. உனக்கு அப்போது இருபத்தெட்டு வயதுதான்.